சென்னை ஜார்ஜ் டவுன்: தெருக்களும் வீடுகளும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேண்டிய சாமானை வாங்கிக்கொண்டு, நெரிசலில் மாட்டாமல் திரும்பினால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான் போய் வந்தேன். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போன ஒரு நாள், கடைக்காரர் மாதிரிகளை எடுத்து வர நேரமானதால் வாசலில் நின்று எதிர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே பேப்பர் கடை. மேலே தேக்குத் தூண், மரச்சட்டம் போட்ட ஜன்னல், சுண்ணாம்பில் வார்த்த பூவேலை. அதற்குப் பிறகு அங்கே போவதற்கு எனக்குச் சாமான் வாங்கும் காரணம் தேவைப்படவில்லை. கூட நடக்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஜார்ஜ் டவுன் என்பது எது முதல் எது வரை?

தெற்கே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, கிழக்கே ராஜாஜி சாலை, மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே பழைய சிறைச்சாலை சாலை. இந்த நான்குக்கும் நடுவில் இருப்பதுதான் ஜார்ஜ் டவுன். உள்ளே இரண்டு பழைய பேட்டைகள் உண்டு: கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது பிராட்வே, அதாவது இன்றைய பிரகாசம் சாலை.

அங்கே இருப்பவர்கள் யாரும் "ஜார்ஜ் டவுன் போறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பாரிஸ், மண்ணடி, பூக்கடை, சௌகார்பேட்டை, கொத்தவால்சாவடி, ஏழுகிணறு என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே கேளுங்கள்.

இந்தப் பெயர் எப்போது வந்தது? அதற்கு முன் என்ன பெயர்?

ஆங்கிலேயர் கோட்டைக்குள் இருந்த குடியிருப்பை வெள்ளையர் நகரம் என்றும், வெளியே இந்தியர்கள் இருந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றும் எழுதினார்கள். வரைபடங்களிலும் ஆவணங்களிலும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பெயரே இருந்தது. பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசர் 1906-ல் சென்னைக்கு வந்தபோது, அவர் பெயரை வைத்தார்கள். ஒரு இழிவான பெயர் போனது, சரி. ஆனால் இந்த ஊரைக் கட்டியவர்களின் பெயர் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இதுதான் முதலில் இருந்த கறுப்பர் நகரமா?

இல்லை. ஜார்ஜ் டவுனைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். நாம் இன்று நடப்பது இடம் பெயர்ந்த ஊர்.

1639-ல் தாமர்லா வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் டே நிலம் பெற்றார். கோட்டை எழும்பத் தொடங்கியதும் நெசவாளர்கள், சாயம் போடுபவர்கள், துபாஷிகள், வியாபாரிகள் எல்லாரும் கோட்டைச் சுவருக்கு வடக்கே குடியேறினார்கள். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்து, நடுவில் நின்று வியாபாரத்தை முடித்துத் தருபவர். முதல் கறுப்பர் நகரம் இப்படி உருவானது. இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியின் பழைய வளாகமும் இருக்கும் இடம் அது.

1746-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி அதற்குள் மறைந்துகொண்டு தாக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் சுவர் ஓரத்து வீடுகளை இடித்தார்கள். 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அவர்களும் அதே கணக்கைத்தான் போட்டு மீதியை இடித்தார்கள். 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மறுபடியும் முற்றுகையிட்டது. அப்போது கோட்டைக்கு வெளியே இருந்த ஆங்கிலேயர் இடுகாட்டின் கல்லறைகளே படைவீரர்களுக்கு மறைவிடமாக உதவின. முற்றுகை 1759 பிப்ரவரியில் முடிந்தது. அப்புறம் அந்தக் கல்லறைகளையும் விட்டுவைக்கவில்லை. அவற்றின் எழுத்துப் பொறித்த கற்கள்தான் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன.

இப்படி ஒரு முழு ஊர், பீரங்கி சுடுவதற்கான வெட்டவெளியாக மாற்றப்பட்டது. அங்கே இருந்த மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-ல் ஆறு கல்தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் இருக்கிறது, பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து போகிறார்கள். நான் யாரை அழைத்துப் போனாலும் முதலில் நிறுத்துவது அந்தத் தூணிடம்தான்.

கோயில்களும் இடம் மாறினவா?

மாறின. பழைய ஊரின் நடுவில் இருந்த பெருமாள் கோயில் 1757-ல் கோட்டை வேலைகளுக்காக இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கம்பெனி பெத்தநாயக்கன்பேட்டையில் நிலம் கொடுத்தது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பணம் திரட்டி, தானும் கொடுத்து, 1760களில் புதிய கோயிலை எழுப்பினார். இந்த முறை ஒன்றல்ல, இரண்டு: சென்னகேசவப் பெருமாளுக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அடுத்தடுத்து. பூக்கடை காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் பூமாலைக் கடைகளுக்கு நடுவே நுழைந்தால் இரண்டையும் பார்க்கலாம். பழையவர்கள் இதைப் பட்டணம் கோயில் என்பார்கள். ஒரு ஊரையே இழந்தவர்கள், தங்கள் சாமியை விட்டுக்கொடுக்காமல் கூடவே அழைத்து வந்திருக்கிறார்கள். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

தம்பு செட்டி தெருவின் காளிகாம்பாள் கோயிலுக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. கடற்கரையில் இருந்த அம்மன், கோட்டை வந்த பிறகு இங்கே வந்ததாகச் சொல்வார்கள். விசுவகர்ம சமூகத்தார் நிர்வகிக்கும் கோயில் இது. 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டார் என்பது கோயிலின் மரபு. பாரதியாரும் இங்கே வந்து வணங்கியவர்.

அரண்மனைக்காரத் தெருவில் எந்த அரசனுடைய அரண்மனை இருந்தது?

எந்த அரண்மனையும் இல்லை. 'ஆர்மேனியக்காரர் தெரு' என்பது மக்கள் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது.

ஆர்மேனிய வணிகர்கள் முதலில் கோட்டைக்குள் வெள்ளையர் நகரத்திலேயே வீடு வைத்திருந்தார்கள். 1749-ல் ஊர் திரும்பக் கிடைத்ததும், ஆர்மேனியர்களும் கத்தோலிக்கர்களும் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியதாக ஆங்கிலேயர் சந்தேகப்பட்டார்கள். கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவு சபையாரின் தேவாலயம் இடிக்கப்பட்டது. இரண்டு கூட்டத்தாரும் வெளியே வந்தார்கள். ஒரே தெருவில் ஆர்மேனியர் தேவாலயமும் கத்தோலிக்கரின் புனித மரியன்னை இணைப் பேராலயமும் அருகருகே நிற்பது இதனால்தான்.

ஆர்மேனியர் தேவாலயம் 1772-ல் கட்டப்பட்டது. உள்ளே போனால் தெருச் சத்தம் சட்டென்று அடங்கிவிடும். மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது, அதில் ஆறு பெரிய மணிகள். தரையெங்கும் கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794-ல் சென்னையில்தான் வெளிவந்தது. பெயர் 'அஸ்தரார்'. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் இந்த வளாகத்தில்தான் துயில்கிறார். ஒரு மொழியின் பத்திரிகை வரலாறு இந்த ஊரில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

வால்டாக்ஸ் சாலை என்றால் என்ன? யாராவது அந்த வரியைக் கட்டினார்களா?

வால் டாக்ஸ் என்றால் மதில் வரி. அதை யாரும் கட்டவில்லை. 1760களின் கடைசியில் ஐதர் அலியின் குதிரைப்படை சென்னை வரை வந்து மிரட்டியது. அதன் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. செலவை ஊராரிடம் வரியாக வாங்கத் திட்டம் போட்டார்கள், ஆனால் வரி விதிக்கச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வியில் அது நின்றுபோனது. வசூலாகாத வரியின் பெயர் சாலைக்கு மட்டும் நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கிறது. அதன் மேல் போட்ட பூங்காதான் மாடிப் பூங்கா.

ஏழு கிணறு உண்மையில் ஏழுதானா?

1772-ல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக கேப்டன் பேக்கர் என்பவர் திட்டம் போட்டார். தோண்டியது பத்து, பயன்பட்டது ஏழு. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கோட்டைக்குப் போயிற்று என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த ஏழுகிணற்றில் வீராசாமித் தெரு வீடொன்றில்தான் ராமலிங்க வள்ளலார் இளமையில் வாழ்ந்தார். அங்கிருந்து கந்தகோட்டத்துக்கு நடந்து போய் முருகனைப் பாடியிருக்கிறார். அந்த வழியில் இன்றும் நடக்கலாம். கால் மணி நேரம் கூட ஆகாது, கூட்டம் விட்டால்.

தெருப் பெயர்களில் ஏன் இத்தனை செட்டியும் முதலியும் நாயக்கனும்?

கம்பெனி கப்பலில் ஏற்றிய துணியைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் இவர்கள். தம்பு செட்டி, லிங்கிச் செட்டி, தேவராஜ முதலி, கோவிந்தப்ப நாயக்கன் என்று ஊரின் வரவு செலவே தெருப்பலகையில் இருக்கிறது. தமிழரும் தெலுங்கரும் கலந்து கட்டிய பட்டணம் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. பவளக்காரத் தெருவில் பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்கள் இருந்தார்கள். மண்ணடிப் பக்கம் மரக்காயர்கள். அங்கப்ப நாயக்கன் தெருவில் மஸ்ஜிதே மாமூர் பள்ளிவாசல்.

இந்த ஒற்றுமையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து கடுமையாக மோதிய ஊர் இது. யார் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்கே கலவரம் நடந்தது. 1707-ல் மோதல் முற்றியபோது ஆளுநர் தாமஸ் பிட், வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துவைக்க முயன்றார். தெருக்களின் அமைப்பில் அந்தப் பிரிவின் தழும்பும் உண்டு. இரண்டு பேட்டைக்கும் நடுவில் தாழ்ந்து கிடந்த சாக்கடைப் பள்ளத்தை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்ஹம் என்ற வழக்கறிஞர் மேடாக்கித் தெரு ஆக்கினார். அதுதான் பிராட்வே.

பழைய வீடுகள் ஏன் இவ்வளவு குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கின்றன?

வாசல் அகலம் பத்துப் பதினைந்து அடிதான் இருக்கும். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். தெருவைப் பார்த்த இடம்தான் காசு பார்க்கும் இடம் என்பதால் அதை எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். அதனால் பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. காற்றும் வெளிச்சமும் மேலிருந்துதான் வரவேண்டும், அதற்குத்தான் முற்றம்.

வாசலில் திண்ணை, அடுத்து ரேழி என்ற நடை, அப்புறம் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம். இது முதல் கட்டு. பெரிய வீடாக இருந்தால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அடுத்தடுத்து முற்றங்கள். முன்கட்டில் கணக்கும் சரக்கும், பின்கட்டில் சமையலும் கிணறும். வெயிலில் முற்றத்தின் சூடான காற்று மேலே போக, தெருப்பக்கத்துக் காற்று ரேழி வழியாக உள்ளே இழுபடும். ஏப்ரல் மாதப் பகலில் அப்படி ஒரு ரேழியில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலம் போகப் போக முகப்பு மட்டும் மாறிக்கொண்டே வந்தது. மரத்தூணுக்குப் பதில் வார்ப்பிரும்புத் தூண், மாடியில் இரும்புக் கம்பி வேலை, 1930கள், 40களில் வளைந்த மூலைகளும் கைப்பிடிச் சுவரில் ஆண்டு பொறித்த ஆர்ட் டெக்கோ முகப்பும். உள்ளே அதே முற்றம். இன்று பல வீடுகளில் திண்ணை கடையாகிவிட்டது, முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டு குடோன் ஆக்கிவிட்டார்கள். மழைத் தண்ணீர் விழுந்த இடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. அதைப் பார்க்க மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் சுவர் நிற்கிறதே என்று தேற்றிக்கொள்கிறேன்.

மெட்ராஸ் டெரஸ் என்கிறார்களே, அது என்ன?

மொட்டை மாடித் தளம் போடும் பழைய முறை. சென்னையின் பெயரால் அறியப்படுவது. இரும்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. சுவரிலிருந்து உத்திரத்துக்குச் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகளை வைப்பார்கள். அதன் மேல் ஆச்சுக்கல் என்ற மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி, மூலைவாட்டில் வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒரு மூலையில் தொடங்கினால் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிசை நிற்கும். கீழே முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டு ஓடு.

சுவருக்குப் பூசிய சாந்தும் தனிக் கலை. கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பை அரைத்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளிங்கு போல ஆக்கினார்கள். இதைச் செய்த கொத்தனார்கள், தளம் தட்டிய பெண்கள் யாருடைய பெயரிலும் ஒரு தெரு இல்லை.

இப்படிப்பட்ட வீடு உங்களுக்கு இருந்தால் ஒரு வேண்டுகோள். மாடி ஒழுகினால் மேலே சிமெண்டைப் பூசாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனி உளுத்து, ஒரு நாள் மொத்தமாக இறங்கும். "பழைய வீடு, தாங்கவில்லை" என்று இடிக்கப்பட்ட எத்தனையோ வீடுகள் உண்மையில் தப்பான பழுதுபார்ப்பால் போனவை.

உயர் நீதிமன்றம், தபால் நிலையம் போன்ற பெரிய கட்டடங்கள் யாருடையவை?

பொது அஞ்சலகம் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, 1884. அதன் கோபுரக் கூரைகளில் கேரள வீடுகளின் சாயல் தெரியும். உயர் நீதிமன்றத்தைப் பிராசிங்டன் தொடங்க, ஹென்றி இர்வின் முடித்தார். 1892-ல் திறந்தார்கள். செங்கல் சிவப்பு, குவிமாடங்கள், வண்ணக் கண்ணாடி என்று, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகள் கலந்த இந்தோ சாரசெனிக் பாணியின் உச்சம் அது. இவற்றில் பலவற்றை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். வடிவமைத்த ஆங்கிலேயர் பெயரைச் சொல்லும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: உயர் நீதிமன்றம் நிற்பது இடிக்கப்பட்ட அந்தப் பழைய ஊரின் மேல். அதன் கோபுரத்தில் 1894 முதல், 1977-ல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வரும்வரை, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது. அதற்கு முன் 1844 முதல் விளக்கு எரிந்த கல்தூணும் அதே வளாகத்தில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வீசிய குண்டு வளாகச் சுவரில் பட்டதைச் சொல்லும் பலகையும் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பச்சையப்பன் மண்டபத்தைத் தவறவிடாதீர்கள். கிரேக்கக் கோயில் ஒன்றைப் பார்த்து 1850-ல் கட்டியது. நடைபாதைக் கடைகளுக்குப் பின்னால் அதன் தூண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

சௌகார்பேட்டையும் தங்க சாலையும்?

குஜராத்தி, மார்வாரிக் குடும்பங்கள் வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் வந்து தலைமுறைகளாகத் தங்கிய இடம். கம்பெனியின் நாணயம் அடிக்கும் தொழிற்சாலை 1840களில் இங்கே வந்ததால் தங்க சாலை. 1869-ல் அது மூடப்பட்டது.

கொத்தவால்சாவடி சந்தை இப்போதும் உண்டா?

மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. தெரு அடங்கிவிடவில்லை, மளிகைக்கும் பருப்புக்கும் இன்றும் அங்கேதான் வருகிறார்கள். குடோன் தெருவில் துணி, செம்புதாஸ் தெருவில் இரும்புச் சாமான், நைனியப்ப நாயக்கன் தெருவில் நாட்டு மருந்து. ஒரு தெருவுக்கு ஒரு வாசனை.

இந்தக் கட்டடங்களை இடிக்காமல் காப்பாற்றச் சட்டம் இருக்கிறதா?

2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலை ஏற்று, அவற்றைக் கவனிக்கக் குழு அமைக்கச் சொன்னது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் வந்தது. பட்டியலில் பெரும்பாலும் பெரிய கட்டடங்கள். தெருவில் வரிசையாக நிற்கும் சாதாரண வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் ஜார்ஜ் டவுனை ஜார்ஜ் டவுனாக்குவது அந்த வரிசை வீடுகள்தான். நடுவில் ஒன்று போனாலே பொதுச்சுவர் பலமிழந்து பக்கத்து வீடும் ஆட்டம் காணும். பங்காளிகள் பத்துப் பேர் இருக்கும் சொத்தில், பழுதுபார்க்கும் செலவை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமலே வீடுகள் விழுகின்றன. சொந்தக்காரர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு உதவித் தொகையும் வரிச் சலுகையும் கிடைத்தால் பல வீடுகள் நிற்கும்.

ஒரு காலையில் நடந்து பார்க்க எங்கே தொடங்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், முகப்புகள் கண்ணுக்குத் தெரியும். உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, டேர் ஹவுஸ் ஓரத்து எல்லைத் தூணிலிருந்து தொடங்குங்கள். தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாளைப் பார்த்துவிட்டு, அரண்மனைக்காரத் தெருவுக்குத் திரும்புங்கள். பிராட்வேயைக் கடந்து பட்டணம் கோயில், பிறகு தங்க சாலை வழியாக ஏழுகிணறு. செருப்பு வசதியாக இருக்கட்டும், கையில் தண்ணீர் இருக்கட்டும். வீடுகளைப் படம் எடுக்கும் முன் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பல சமயம் அவரே எழுந்து, "உள்ளே வந்து முற்றத்தைப் பாருங்க" என்று கூப்பிடுவார்.